பேர் போடாத தபால் அட்டை

ரேடியோவுக்கு லைசென்ஸ் கேட்ட காலத்திலே, கடலுக்கு லைசென்ஸ் கிடையாது என்று ஒரு கூட்டம் தூத்துக்குடிக்கு வெளியே தோணியில் ரேடியோ நடத்தி, மேல்நாட்டு கிதார் பாட்டாகப் போட்டது.

ஒருநாள் லைசென்ஸ் அதிகாரி தாண்டவராயர் மோட்டார் படகில் வந்து தோணியில் ஏறினார். தன் கையால் எழுதிய நோட்டீஸை நீட்டினார்.

“ரேடியோவை மூட்டை கட்டுங்கவே. பாட்டுக் கேட்டு அட்டை போட்டவன் ஒருத்தன் விடாம எனக்கு வேணும். எல்லாரையும் உள்ளே தள்ளணும்.”

தோணியில் சமையல் வேலையோடு, நேயர்கள் எழுதும் அட்டைகளையும் அடுக்கிவைக்கும் கஸ்பார் நோட்டீஸைப் படித்துவிட்டு, ஒரு கட்டு அட்டையைக் கொண்டுவந்தார்.

“பாட்டுப் போடும்போது எல்லார் பேரையும் ரேடியோவிலே வாசிப்போம் ஐயா. இவரு மட்டும், ‘என் பேர் வேண்டாம், கொழும்பிலே மீனலோசனி கேட்பா, அந்த கிதார் பாட்டைப் போடுங்க’ன்னு வாரம் தவறாம எழுதுதாரு. பேர் இல்லாம எப்படித் தேட? எழுத்து மட்டும் இந்த நோட்டீஸ் எழுத்து மாதிரியே இருக்கு.”

தாண்டவராயர் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“கொழும்பு வரை கேக்குமா?”

“தோணி இங்க நின்னா கேக்கும் ஐயா.”

நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவர் படகில் இறங்கினார். கஸ்பார் அந்தப் பாட்டைப் போடச் சொன்னார். தாண்டவராயர் மோட்டாரை முடுக்கவில்லை. பாட்டு முடிகிறவரை துடுப்புப் போட்டே போனார்.