தின்னாத மாட்டின் தீர்ப்பு

குறுக்கம்பட்டிக்காரர்கள் பொல்லாதவர்கள் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள். அவர்களிடம் உள்ள ஒரே குறை அதுதான்.

ஒருநாள் விருமாயியின் எருமை மொக்கச்சாமியின் வயலில் புகுந்து சோளத்தை மேய்ந்துவிட்டது. அவன் அதைப் பிடித்து வந்து ஊர்ச் சாவடித் தூணில் கட்டினான். மடி கனத்து எருமை இங்கே கத்தியது. பாலில்லாமல் கன்று வீட்டில் கத்தியது.

"தீர்ப்பை வெரசாச் சொல்லுங்கண்ணே, என் கன்னு செத்துரும்," என்றாள் விருமாயி.

ஊர்ப் பெரியவர் ஒச்சப்பன் வாயைத் திறப்பதற்குள் சின்னமாயன் எழுந்தான். டவுன் கோர்ட்டில் ஒரு பகல் முழுக்க மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டு வந்தவன் அவன்.

"அங்கெல்லாம் ஜட்ஜு தன் இஷ்டத்துக்குச் சொல்லிர முடியாதுண்ணே. முன்னாடி இதே மாதிரி கேசுல என்ன தீர்ப்போ, அதையே சொல்லணும். ஆளுக்கொரு நியாயம் ஆயிரக் கூடாதுல்ல?"

ஒச்சப்பனுக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. இனிமேல் யோசிக்க வேண்டியதில்லை. "சரி, முன்னாடி மாடு மேஞ்ச கேசு எது?"

"நம்ம ஊருல இதுதாண்ணே மொதக் கேசு."

சாவடியில் எல்லோரும் தலையைச் சொறிந்தார்கள்.

"அப்ப இதை ரெண்டாவதா வச்சுக்குவோம்," என்றார் ஒச்சப்பன். "அதுக்கு முன்னாடி இன்னொரு கேசை முடிச்சிருவோம்."

கேசுக்கு மாடு வேண்டுமே! தம்முடைய எருமையையே அவிழ்த்து மொக்கச்சாமியின் சோளத்துக்குள் விட்டார்.

"ஐயையோ, என் வெள்ளாமை!"

"கத்தாதப்பா. உனக்கு நியாயம் கெடைக்கத்தான் அது மேயுது."

மேய்ந்து முடித்ததும் விசாரணை நடந்தது. முன்னால் இதே மாதிரி கேசு உண்டா? உண்டு, விருமாயியுடையது. அதில் என்ன தீர்ப்பு? இன்னும் சொல்லவில்லை. ஆகவே மூன்றாவதாக ஒரு மாட்டை விட்டார்கள். அதற்கும் அதே கதி. பொழுது சாய்வதற்குள் ஊர் மாடுகள் ஒவ்வொன்றாகப் போய்ச் சட்டத்துக்கு உதவிவிட்டு வந்தன.

கடைசியாக ஒரு கிழட்டுக் காளை போயிற்று. வயலில் ஒரு சோளத்தட்டை கூட மிச்சமில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வெறும் வாயோடு திரும்பியது.

"வயல்ல சோளமே இல்ல. மாடு எதையும் திங்கல. குத்தமில்ல," என்றார் ஒச்சப்பன்.

"இதுக்கு முன்கேசு வேணாமாண்ணே?" என்றான் சின்னமாயன்.

"குத்தமே நடக்கலையேடா, அப்புறம் எதுக்கு?"

ஒருவழியாக ஊருக்கு ஒரு தீர்ப்பு கிடைத்தது. அதையே எல்லா மாடுகளுக்கும் சொன்னார்கள்.

மொக்கச்சாமி குதித்தான். "அது திங்காத மாடு! மத்ததெல்லாம் தின்ன மாடு! ரெண்டும் எப்படி ஒண்ணாகும்?"

"வயலு அதே வயலுதான? அதுல சோளம் இல்லைன்னு தீர்ப்பாயிருச்சு. இல்லாத சோளத்தை மாடு எப்படிப்பா திங்கும்?" என்றார் ஒச்சப்பன்.

மொக்கச்சாமி வெகுநேரம் யோசித்தான். தப்பு எங்கே இருக்கிறது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. முகம் தொங்கிப்போய், தானே எழுந்து விருமாயியின் எருமையை அவிழ்த்துவிட்டான்.

"தப்பா நெனைக்காத தாயி. கொஞ்சம் நில்லு," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினான். அடுத்த விதைப்புக்கு வைத்திருந்த சோளத்தைக் கூடையோடு தூக்கி வந்து எருமையின் முன்னால் வைத்தான்.

"தின்னு, பாவம். ஒண்ணுமில்லாத வயலுக்குள்ள புகுந்து நீ எம்புட்டு ஏமாந்திருப்ப!"