கடைசி வரி விடமாட்டேங்குது

ஆன்லைனில் பலர் சேர்ந்து ஆடும் அந்த விண்வெளி விளையாட்டில் செனட் என்று ஒரு சபை உண்டு. எத்தனை கப்பல் இருக்கோ அத்தனை ஓட்டு. பாதிக்கு மேல் ஓட்டு விழுந்தால் சட்டம், ஒரு மணி நேரத்தில் அமல். அவ்வளவுதான், பெரிய விஷயமில்லை.

பெரிய படை தேவசகாயத்துடையது. தனக்குத் தானே வைத்துக்கொண்ட பட்டம் ‘அண்டச் சக்கரவர்த்தி’. ஒருநாள் ஒரு சட்டம் கொண்டுவந்தார்: பெரிய படை யாருடையதோ அவர் மற்ற யாரிடமிருந்தும் ஒரு கிரகம் எடுத்துக்கொள்ளலாம். பாதிக்குக் கொஞ்சம் ஓட்டு குறைந்தது. செல்போன் கடையில் வேலை பார்க்கும் மும்தாஜை மைக்கில் பிடித்தார். அவளுக்கு இருந்ததே ஒரே கிரகம்.

“ஏ பொண்ணு, ஓட்டுப் போடு. இல்லேன்னா இப்பவே உன் கிரகத்தைக் கொளுத்திடுவேன்.”

“போடறேண்ணே. நாளைக்கு எவனாவது ரத்து பண்ணிட்டா? ரத்தே கூடாதுன்னு ஒரு வரி சேருங்க.”

“பாத்தீங்களாடா, இவளுக்குத்தான் மூளை!”

வரி சேர்ந்தது, சட்டம் நிறைவேறியது. சக்கரவர்த்தி பிரியாணி சாப்பிடப் போனார். மற்றவர்கள் மும்தாஜைத் திட்டித் தீர்த்தார்கள்.

“திட்டினது போதும். எல்லாரும் கப்பலை என் கொடிக்கு மாத்துங்க. ஒரே கொடின்னா விளையாட்டு ஒரே படைன்னுதான் எண்ணும். காரியம் முடிஞ்சதும் திருப்பித் தர்றேன்.”

ஒரு மணி நேரம் முடிந்தது. கை கழுவிவிட்டு வந்த சக்கரவர்த்தி பார்த்தால், அவர் தலைநகரக் கிரகத்தில் மும்தாஜ் கொடி.

“மோசடி! சட்டத்தை ரத்து பண்ணு!”

“எனக்கும் ஆசைதாண்ணே. நீங்க சேர்த்த கடைசி வரி விடமாட்டேங்குது.”