தூண் இல்லாத மண்டபம்

சடையனை மந்திரி திருமேனி கடைசியாக உயிரோடு பார்த்தது ஏரிக்கரையில். கரை கசிந்த இடத்தில் அந்த மடைக்காவலன் இடுப்பளவு சேற்றில் நின்றபடி, "சாமி, அடுத்த மழைக்கு இது தாங்காதுங்க. கல் கட்டணும்" என்றான். திருவிழாச் செலவு முடியட்டும், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு மந்திரி பல்லக்கில் ஏறினார். அன்று மாலை மடையை அடைக்க முங்கியவன் பிணமாகத்தான் மிதந்தான்.

மாறவேலன் என்றொரு ராஜா பூவாற்றூர் என்ற சின்னப் பட்டணத்தை ஆண்ட காலத்துச் சங்கதி இது. ராஜா நல்ல மனுஷன்தான். மனசுதான் நாழிகைக்கு ஒரு பக்கம் ஓடும். அந்த வருஷம் அவருக்கு நூறு தூண் மண்டபத்தின் மேல் ஆசை வந்துவிட்டது.

சந்தை வரியும் துறைச் சுங்கமும் சேர்த்தாலும் கஜானாவில் ஒரு வேலைக்குத்தான் பணம் இருந்தது. கரையா, மண்டபமா என்று கேட்டால் ராஜா மண்டபம் என்பார். மந்திரி பதவிமேல் கண் வைத்திருந்த செண்டலங்காரரோ, பணம் போதாவிட்டால் வீட்டு அடுப்புக்கு வரி போடலாம் என்று எடுத்துக் கொடுத்தார்.

இரவெல்லாம் யோசித்த திருமேனி, மறுநாள் சபையில் மெதுவாகச் சொன்னார்: "அரசே, மண்டபத்தை ஏரிக்கரைமேல் கட்டினால் காற்று ஜிலுஜிலுவென்று வரும். அடுப்பு வரி வேண்டாம். இருக்கிற பணத்தில் தொடங்கலாம்."

ராஜா மகிழ்ந்து போனார். எந்த வேலையானாலும் யோசனை சொன்னவரே முதலில் கைவைக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். மந்திரி முதல் கூடை மண்ணைச் சுமந்து போய், சடையன் நின்ற இடத்தில் கொட்டினார்.

கல் மேல் கல்லாக அஸ்திவாரம் இறங்கிக்கொண்டே இருந்தது. ஐப்பசி பிறந்தது. மந்திரி தினமும் கரையின் வெளிப்பக்கத்தைத் தொட்டு, ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். ஒரு தூணும் எழவில்லை என்று செண்டலங்காரர் காதில் ஓதியதில், அடைமழைக்கு நடுவே ராஜா குடைபிடித்துக் கரைக்கே வந்துவிட்டார்.

"தூண் எங்கே?"

"அஸ்திவாரம் ஆழமாகப் போய்விட்டது, அரசே. பணமும் தீர்ந்துவிட்டது."

"அப்படியானால் உம்மையே தூணாக நட்டுவிடலாமா?"

செண்டலங்காரர் முந்திக்கொண்டு, புதைத்த கல்லைப் பெயர்த்தால் தூணாகச் செதுக்கிவிடலாம் என்றார். ராஜாவும் தலையாட்டினார்.

"வழக்கப்படி முதல் கல்லை அவரே பெயர்க்கட்டும்" என்றார் மந்திரி.

கடப்பாரை கைக்கு வந்தது. ஒரு பக்கம் ஏரித் தண்ணீர் கரை விளிம்பை அறைந்துகொண்டிருந்தது. மறுபக்கம் பள்ளத்தில் முதலில் தெரிந்தது செண்டலங்காரரின் புது மாடி வீடு. அவர் கடப்பாரையை ஓங்கினார்; இறக்கவில்லை.

"என்ன ஓய், கை வரவில்லையா?"

"அரசே, கீழே என் வீடு இருக்கிறது."

ராஜா எட்டிப் பார்த்தார். அந்த வீட்டுக்கு அப்பால் சந்தை, சந்தைக்கு அப்பால் அரண்மனை. குரல் இறங்கிப்போய் மந்திரியிடம் கேட்டார்: "உடைந்தால் தண்ணீர் எப்போது என்னிடம் வந்து சேரும்?"

"நீங்கள் தலைப்பாகை கட்டி முடிப்பதற்குள், அரசே."

ராஜா கைக் கங்கணத்தைக் கழற்றி மந்திரியிடம் நீட்டினார். அதைச் சடையன் பெண்சாதிக்குக் கொடுக்கும்படி திருமேனி கேட்டுக்கொண்டார். மழை விடும்வரை கரைக்குக் காவல் செண்டலங்காரர் என்று உத்தரவாயிற்று; அவரும் தன் வீட்டைப் பார்த்தபடியே கண் கொட்டாமல் காத்தார்.

மண்டபம் கடைசிவரை எழவில்லை. கரை இருக்கிறது.