கள்ளன் ஜாடி

தூத்துக்குடியில் ஒரு கடல் ஆய்வுக்கூடம். அங்கே நஸீமா குரு, லூர்து சீடர். குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு ஐம்பத்தொன்று. முன்பு விசைப்படகு ஓட்டியவர்.

அன்று காலை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார் சீடர்.

"மேடம், அந்த இறால் பண்ணையில கூப்பிட்ட வேலை வேண்டாம். மத்தியானம் போன் போட்டுச் சொல்லிருதேன்."

"தண்ணியச் சோதிக்கிற பொறுப்பு முழுக்க உங்க கையில. ஏன்ணே வேண்டாம்?"

"எனக்குத் தெரிஞ்சதெல்லாம் நீங்க சொன்னது. இரவல் சேலைய நம்பி இடுப்புக் கந்தைய எறியச் சொல்லுதீங்களா?"

நஸீமா, "கள்ளன் ஜாடிய எடுத்துட்டு வாங்க" என்றாள்.

கள்ளன் என்பது லூர்து வைத்த பெயர். கண்ணுக்குத் தெரியாத கடல் உயிர். பாசியை விழுங்கும். ஆனால் பாசிக்குள் வெயிலை வைத்துச் சமைக்கிற பச்சையை மட்டும் செரிக்காமல் வைத்துக்கொள்ளும். அப்புறம் அந்தப் பச்சை இதற்குச் சமைத்துப் போடும். பலே கள்ளன்தான்.

லூர்துவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வேலைக் கவலையில் பன்னிரண்டு நாளாக ஜாடிக்குப் பாசி போடவே மறந்திருந்தார். எல்லாம் செத்திருக்கும் என்று நினைத்தார். ஜாடியைக் கொண்டுவந்து ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார்.

"மேடம், ஓடியாங்க. உசுரோட இருக்கு. பட்டினி கெடந்தும் பச்சப்பசேல்னு ஓடுது, பாருங்க."

சந்தோஷம் தாங்காமல், படகில் அடிப்பதுபோல் ஒரு சீட்டியும் அடித்துவிட்டார்.

நஸீமா ஜாடியைக் கறுப்புத் துணியால் சுற்றினாள். ஜன்னல் பக்கம் மட்டும் ஒரு விரல் அகலம் திறந்து விட்டாள். இருவரும் டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்து துணியை எடுத்தபோது, வெளிச்சம் விழுந்த அந்த இடத்தில் பச்சைக் கோடாக ஒட்டி நின்றன அத்தனை கள்ளன்களும்.

"பச்சை யாரோடதுண்ணே?"

"பாசியோடது."

"வெளிச்சத்துக்கு நீந்தி வந்தது யாரு?"

"அது கள்ளனேதான்" என்றார் லூர்து. பிறகு போனை எடுத்துப் பண்ணைக்காரரை அழைத்தார். "லூர்து பேசுதேன். எப்ப வந்து சேரணும்?"

பேசி முடித்ததும் மறுபடி சந்தேகம் வந்தது.

"திருடி வச்ச பச்சை எத்தனை நாள் தாங்கும் மேடம்? தீந்துபோனா?"

"தீரத்தான் செய்யும். தீந்தா கள்ளன் மறுபடி பாசி தின்னும். அப்போ நீங்களும் இங்க வந்து சாப்பிட்டுட்டுப் போங்க."