நீலச் சுவரில் ஒரு கல்யாணம்

முதலில் நாதஸ்வரம் வந்தது. பின்னாலேயே தவிலும் வந்தது. படத்தைத்தான் காணோம். சுவர் முழுக்க வெறும் நீலம்.

"பொண்ணு எங்கய்யா?" என்றாள் செண்பகம்.

ஆவுடையப்பன் வயர்களைக் குனிந்து பார்த்தார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவர். ஓய்வு பெற்றபின் ஜமீலாவின் எலக்ட்ரானிக்ஸ் கடையில் தொழில் பழகச் சேர்ந்திருந்தார். குருவுக்கு அவர் மகள் வயசு. அவருக்கு அவள் டீச்சர். அவளுக்கு அவர் சார்.

சுவருக்கு எதிரே, பட்டு வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தார் செண்பகத்தின் புருஷன் கோமதிநாயகம். நாற்பது வருஷ மில் சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டது. மகளுக்குப் பினாங்கில் கல்யாணம் நடந்தபோது இவருக்கு இங்கே நெஞ்சில் ஆபரேஷன். நேற்றுத்தான் கல்யாண டிஸ்க் வந்தது. டிவியில் பார்க்க மாட்டேன், மகள் ஆள் உயரத்துக்குத் தெரியணும் என்றுவிட்டார். பரணிலிருந்து பழைய புரொஜெக்டர் இறங்கியது. அதற்கென்று புது பிளேயர் வாங்கியாயிற்று.

ஆவுடையப்பன் அவர் காதருகே போய்க் கத்தினார். "புரொஜெக்டர் பழசு! பிளேயர் ரெசல்யூஷன் ஆயிரத்து எண்பது! அதனால..."

"ஆமா, ஆமா," என்றார் கோமதிநாயகம் மரியாதையாக. "சாப்பிட்டாச்சு."

செண்பகம் சிரித்துவிட்டாள். "எனக்குக் காது நல்லாக் கேக்கும் சார். எனக்கே புரியல."

கூட வந்திருந்த ஜமீலா காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "பிளேயரை எந்த ரெசல்யூஷன்ல வச்சிருக்கீங்க சார்?"

"இருக்கறதுலயே உசத்தில. கடையில புது டிவியில போட்டேன், கண்ணாடி மாதிரி இருந்துது. இந்தக் கிழடுக்குத்தான் லாயக்கில்ல. வேற வாங்கச் சொல்லிரலாமா?"

ஜமீலா பிளேயர் அருகே வந்தாள். டிஸ்க்கை வெளியே எடுத்தாள். பிளேயரின் ஸ்டாப் பட்டனை அழுத்திப் பிடித்தாள்.

"பத்து எண்ணுங்க."

வகுப்பில் எண்ணுவதுபோல் எண்ணினார். பத்தில் விட்டாள். பிளேயர் தன் பழைய, தாழ்ந்த ரெசல்யூஷனுக்கு இறங்கியது. டிஸ்க்கை மறுபடி போட்டாள்.

சுவரில் ஒரு வாழைமரம் வந்தது. பிறகு யாருடைய முழங்கையோ. பிறகு மகள். ஓரமெல்லாம் கொஞ்சம் மங்கல். ஆனால் ஆள் உயரம்.

கோமதிநாயகம் எழுந்து சுவருக்கே போய்விட்டார். பாதிக் கல்யாணம் அவர் முதுகில் நடந்தது. கெட்டிமேளம் அவருக்குக் கேட்கவில்லை. கூட்டத்தில் எல்லார் கையும் உயர்வதைப் பார்த்துத் தன் கையையும் உயர்த்தினார். கையில் ஒன்றுமில்லை.

"இருங்க, இருங்க!" செண்பகம் அடுக்களைக்கு ஓடினாள். சோற்றுக்கு வைத்திருந்த அரிசியை அள்ளி வந்து அவர் கையில் கொட்டினாள். இரண்டு பேரும் போட்டார்கள். அரிசி சுவரில் பட்டுச் சிதறியது.

ஆவுடையப்பன் குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், எவ்வளவு உசந்த பிளேயர்! அதைப் போய் இப்படி இறக்கிட்டீங்களே. இறங்க வேண்டியது அதுவா?"

"புரொஜெக்டருக்கு ஒரு பாஷைதான் தெரியும் சார். பிளேயருக்கு ரெண்டும் தெரியும். யாரு மாத்திப் பேசணும்?"

அதற்குள் கோமதிநாயகம் திரும்பினார். "சார்! மாப்பிள்ளை எப்படி?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். இல்லாத மீசையை இரண்டு பக்கமும் முறுக்கி, நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார்.

கோமதிநாயகம் வீடு அதிரச் சிரித்தார்.

ஆவுடையப்பன் தரையில் உட்கார்ந்து, மிச்சம் கிடந்த வயரைச் சுருட்ட ஆரம்பித்தார்.