ஒரே நிறத்தில் ஐம்பது முட்டை

வெள்ளத்தாயி கொண்டுவந்த நாட்டுக்கோழி முட்டைகளை இயற்கை அங்காடி முதலாளி தனபால் தள்ளிவிட்டார்.

"ஒண்ணு வெளுப்பு, ஒண்ணு பழுப்பு! என் அலமாரியில இருக்கிற மாதிரி ஒரே நிறமா நாளைக்கு ஐம்பது கொண்டா. இல்லேன்னா இந்தப் பக்கமே வராதே!"

கோழிக்கு உத்தரவு போட முடியுமா, சொல்லுங்கள்! ஆனால் இந்தக் கடையை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்பில்லை. மறுநாள் காலை ஐம்பதும் ஒரே பழுப்பாக வந்து இறங்கின.

"பாத்தீங்களா, இதுதான் அசல் நாட்டு முட்டை!" என்று வாடிக்கையாளர்களிடம் முழங்கினார் தனபால்.

"பண்ணை முட்டைங்கய்யா. டீத்தண்ணியில ஊற வச்சேன். நீங்க கேட்ட மாதிரி எந்தக் கோழியும் இடாதுங்களே" என்ற வெள்ளத்தாயி, ஒன்றை ஈரத்துணியால் துடைத்தாள். வெள்ளை தெரிந்தது.

வாடிக்கையாளர்களில் ஒரு பெண்மணி அந்தத் துணியை வாங்கி, தனபாலின் அலமாரி முட்டையைத் துடைத்தார். அதுவும் வெளுத்தது.

"உன் கோழி இட்டதெல்லாம் எங்கேம்மா?" என்றார் அந்தப் பெண்மணி வெள்ளத்தாயியிடம்.