இரண்டு படி அரிசிக்கு ஒரு படி உப்பு

முன்னொரு காலத்தில் கடலோரத்தில் ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே உப்புக்குப் பஞ்சமில்லை, மூளைக்குத்தான் பஞ்சம். அரசர் கெட்டவர் அல்லர். பக்கத்தில் நிற்பவர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார், அவ்வளவுதான். பக்கத்தில் நின்றவரோ களஞ்சியத் தலைவர் ஆராவமுதன்.

மழைக்கு முன் ஏரியை ஆழப்படுத்த மேட்டு நாட்டிலிருந்து கூலியாட்கள் வந்திருந்தார்கள். கூலியை அரிசியாகத்தான் அளந்தார்கள். கையில் உப்பே இல்லாததால், வந்த அன்றே ஒருவன் இரண்டு படி அரிசியைக் கொடுத்து ஒரு படி உப்பு வாங்கினான். ஆராவமுதன் அதைப் பார்த்துவிட்டார். பார்த்தது ஒரே ஒரு பேரம். அதை வைத்து ஒரு சட்டமே செய்துவிட்டார், புண்ணியவான்!

"அரசே, இவர்களுக்கு ஒரு படி உப்பு இரண்டு படி அரிசிக்குச் சமம். இனிக் கூலியை உப்பாகவே அளந்துவிடலாம். அரிசி நமக்கு மிச்சம்" என்றார்.

"அப்படியே ஆகட்டும். இந்தக் கணக்கு எவருக்கும், எப்போதும் செல்லும்" என்று ஆணையிட்டார் அரசர்.

ஏரிக்கரையில் உப்பு குவிந்தது, அடுப்பு எரியவில்லை. அரண்மனை விகடன் பிச்சாண்டி அந்தப் பக்கம் போனபோது, காத்தாயி என்ற கூலிக்காரி கைக்குழந்தையோடு வழிமறித்தாள்.

"மொதப் படி உப்பு எங்களுக்கு அமுதம்தான் சாமி, இல்லேங்கல. அதுக்காக உப்பையே கரைச்சுக் குடிக்க முடியுமா? புள்ளைக்குப் பால் வத்திப்போச்சு. இந்தக் குவியல் அம்புட்டையும் எடுத்துக்கிட்டு ஒரு படி அரிசி குடுக்கச் சொல்லுங்க!"

பிச்சாண்டி அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. நேரே சபைக்குப் போய்க் கத்தித் தீர்த்தான். அவனை எப்போது கவிழ்க்கலாம் என்று காத்திருந்த ஆராவமுதன் விடுவாரா?

"அரசே, தங்கள் ஆணையை இகழ்ந்தவனை நாடு கடத்த வேண்டும். இல்லையேல், ஆணையை எதிர்த்து ஒரு சொல்லும் பேசாமல், அது தவறு என்று இன்றே இவன் காட்டட்டும்!"

அரசர் தலையாட்டினார். பிச்சாண்டியும் சரி என்றான்.

நண்பகலில் அரசர் உணவுக்கு அமர்ந்தார். பரிமாறியவன் பிச்சாண்டி. ஒரு வாய் வைத்ததும் அரசர் முகம் சுளித்தார்.

"எதிலும் உப்பில்லையே!"

"ஒரு கரண்டி உப்புக்கு இரண்டு கரண்டி சோறு, அரசே."

"எடுத்துக்கொள், முதலில் உப்பைப் போடு!"

சோறு போயிற்று, உப்பு வந்தது. அரசர் தொட்டுக்கொண்டு ருசித்துச் சாப்பிட்டார். பிச்சாண்டி மறுபடியும் இரண்டு கரண்டி சோற்றை அள்ளிக்கொண்டு ஒரு கரண்டி உப்பை வைத்தான்.

"போதும் பிச்சாண்டி."

"எவருக்கும், எப்போதும் என்பது தங்கள் வாக்கு. நான் ஆணையை மீற மாட்டேன்."

அள்ளினான், வைத்தான். மீண்டும் அள்ளினான். கடைசியில் இலையில் உப்பு மலையும் ஒரு வெண்டைக்காயும்தான் மிஞ்சின.

"அறிவு கெட்டவனே!" என்று அரசர் எழுந்துவிட்டார். "முதல் கரண்டிக்கு இரண்டு கொடுத்தேன், உண்மை. உப்பு சேரச் சேர, சோறு குறையக் குறைய, அதே விலையா? இப்போது ஒரு கவளம் சோற்றுக்கு இந்தக் குவியலையே தருவேன்!"

"இதையேதான் ஏரிக்கரையில் ஒரு தாய் சொல்கிறாள், அரசே. நான் ஒரு சொல்லும் எதிர்த்துப் பேசவில்லை."

அரசர் உப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆராவமுதன் மட்டும், "இருந்தாலும் விலை விலைதானே, அரசே" என்று இழுத்தார்.

"நல்லது. உமது இந்த மாதச் சம்பளம் முழுவதும் உப்பு!"

அவர் விழித்த விழியைப் பார்த்து அரசர் வாய்விட்டுச் சிரித்தார். கழுத்து மாலையைக் கழற்றிப் பிச்சாண்டிக்கு நீட்டினார்.

"மாலை கிடக்கட்டும். வண்டியைப் பூட்டச் சொல்லுங்கள்!" என்று சீறினான் அவன். அங்கே குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது இங்கே சிரிப்பு என்ன வேண்டிக்கிடக்கிறது!

அரசரே அரிசி வண்டியோடு போனார். காத்தாயி அரிசியை மடியில் வாங்கிக்கொண்டாள். கும்பிடவில்லை.

"இந்த அரிசி அங்கனதானே இருந்துச்சு? இதை நேத்தே அனுப்ப ஒரு ஆளு இல்லையா உங்க அரண்மனையில?"

அரசர் தாமே அடுத்த மூட்டையை வண்டியிலிருந்து இறக்கினார். பிச்சாண்டி குனிந்து அவள் அடுப்பைப் பற்றவைத்தான்.